கால் பங்கின் கணக்கு: லாரி டனென்பாமும் ரொறன்ரோவின் அணிகளும்

நான் வசிக்கும் ரூஜ், ரொறன்ரோ மாநகரின் கிழக்கு எல்லை. ஒரு புறம் ஆறும் காடும் மிருகக்காட்சிச்சாலையும். நடுவே 401 நெடுஞ்சாலை. இங்குள்ள தமிழர் வீட்டு வாசல்களில் கார் நிற்கும் இடத்தோடு ஒரு கூடைப்பந்து வளையமும் நிற்பது வழமையான காட்சி. பிள்ளைகள் 'ரப்டர்ஸ் எங்கட ரீம்' என்றுதான் சொல்வார்கள். அந்த 'எங்கட' உணர்வளவில் சரிதான். சட்டப்படி அணி யாருடையது என்று கேட்டால், பெரியவர்களிலும் பலர் 'பெல்', 'ரோஜர்ஸ்' என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். மாதாமாதம் நமக்குத் தொலைபேசி பில் அனுப்பும் அந்த இரண்டு நிறுவனங்களுக்கும் இடையில் பல ஆண்டுகள் அமர்ந்திருந்த மூன்றாவது பங்குதாரர் ஒருவர் உண்டு. அவர் லாரி டனென்பாம்.

மேப்பிள் லீஃப் ஸ்போர்ட்ஸ் அண்ட் என்ரர்டெயின்மென்ட், சுருக்கமாக எம்.எல்.எஸ்.இ., என்ற நிறுவனத்திடம்தான் மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கி அணி, ரப்டர்ஸ் கூடைப்பந்து அணி, ரொறன்ரோ எஃப்.சி. உதைபந்தாட்ட அணி, ஆர்கோநோட்ஸ் கனேடியக் கால்பந்து அணி ஆகியன உள்ளன. இதில் டனென்பாம் ஒருநாளும் பெரும்பான்மைப் பங்கை வைத்திருக்கவில்லை. ஆனாலும் 1996 முதல் உரிமையாளர் பலர் வந்து போனபோதும் அவர் நாற்காலி நகரவில்லை. இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதே என் ஆர்வம்.

பழைய இரும்பும் தார்ச்சாலையும்

டனென்பாம் 1945இல் ரொறன்ரோவில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் ஏப்ரகாம் போலந்திலிருந்து வந்த யூதக் குடியேறி. பழைய இரும்பு வியாபாரத்தில் தொடங்கியவர். தந்தை மக்ஸ் அதை எஃகுக் கட்டுமானமாக வளர்த்தார். மூன்றாம் தலைமுறையான லாரி 1968இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பட்டம் பெற்றுத் திரும்பி, கில்மர் வான் நோஸ்ட்ராண்ட் என்ற குடும்ப நிறுவனத்தைப் பொறுப்பேற்றார். சாலை போடும் தொழில் அது. வாரன் பேவிங் என்ற நிறுவனத்தைக் கனடாவின் பெரிய சாலை நிறுவனங்களில் ஒன்றாக்கி, 2000ஆம் ஆண்டை ஒட்டி பிரெஞ்சு சீமெந்து நிறுவனமான லஃபார்ஜுக்குக் கைமாற்றினார்.

அதன்பின் கில்மர் பெரும்பாலும் ஒரு முதலீட்டு நிறுவனமானது. அதன் ஒரு கிளையான கில்மர் கப்பிட்டல் பார்ட்னர்ஸ் தனியார் பங்கு முதலீட்டு நிதிகளை நடத்துகிறது. தனியார் பங்கு முதலீடு என்றால், பங்குச்சந்தையில் இல்லாத நிறுவனங்களில் பணம் போட்டு, நிர்வாகத்தைச் சீர்செய்து, மதிப்பு உயர்ந்ததும் விற்று வெளியேறுவது. வழமையாக ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் வெளியேறிவிடுவார்கள். டனென்பாம் விளையாட்டில் இந்தக் கடைசி விதியைப் பின்பற்றவில்லை.

தோற்ற போட்டி, வாங்கிய பங்கு

1990களின் தொடக்கத்தில் ரொறன்ரோவுக்கு ஓர் என்.பி.ஏ. அணி கொண்டுவர மூன்று குழுக்கள் போட்டியிட்டன. அவற்றில் ஒன்று டனென்பாமின் பலஸ்ட்ரா குழு. 1993 செப்டெம்பரில் உரிமம் ஜோன் பிட்டோவ் குழுவுக்குப் போனது. 125 மில்லியன் அமெரிக்க டொலர் நுழைவுக் கட்டணத்தில் ரப்டர்ஸ் பிறந்தது.

தோற்றவர் வேறு வாசலால் வந்தார். மேப்பிள் லீஃப்ஸ் அப்போது ஸ்டீவ் ஸ்டாவ்ரோவின் கையில் இருந்தது. எண்பதுகளில் வந்த நம்மவர்கள் சிலருக்கு நினைவிருக்கக்கூடிய 'நொப் ஹில் ஃபார்ம்ஸ்' மலிவுவிலைப் பேரங்காடிகளின் சொந்தக்காரர் இவர். மசிடோனியாவிலிருந்து வந்த குடியேறி. 1996இல் டனென்பாம் அந்நிறுவனத்தில் 12.5 சதவீதப் பங்கை 21 மில்லியன் டொலருக்கு வாங்கினார். 1998இல் அதே நிறுவனம் ரப்டர்ஸையும், அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த எயார் கனடா அரங்கையும் வாங்கியது. போட்டியில் கிடைக்காத அணி ஐந்தாண்டில் அவரது மேசைக்கு வந்துவிட்டது.

பழைய தபால் விநியோகக் கட்டடத்தின் முகப்பைக் காப்பாற்றி எழுப்பிய அந்த அரங்கு 1999 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. 2018 முதல் ஸ்கோஷியாபாங்க் அரங்கு. ரூஜ் ஹில்லில் 'கோ' ரயில் ஏறினால் யூனியன் நிலையத்தில் இறங்கி வெயில்படாமல் உள்ளே நடந்துவிடலாம். அரங்கை எங்கே வைப்பது என்பதே பாதி வியாபாரம்.

ஆசிரியர்களின் பணம்

2003இல் ஸ்டாவ்ரோ விலகியபோது ஒன்ராறியோ ஆசிரியர் ஓய்வூதியத் திட்டம் 58 சதவீதத்தோடு முதலாளியானது. ரூஜில் உள்ள பொதுப்பள்ளி ஆசிரியை ஒருவர் சம்பளத்தில் மாதந்தோறும் கழித்த பணம், மறைமுகமாக லீஃப்ஸிலும் ரப்டர்ஸிலும் இருந்தது. ரசிகர்களுக்கு அணியில் பங்கில்லை என்பார்கள். அந்த ஆண்டுகளில் ஆசிரியர்களாக இருந்த ரசிகர்களுக்கு ஒரு துளி இருந்தது.

டனென்பாமிடம் அப்போது சுமார் 13 சதவீதம்தான். ஆனாலும் அவரே தலைவரானார். ஓய்வூதிய நிதிக்கு வருமானம் வேண்டும். லீக் கூட்டங்களில் உட்கார்ந்து மற்ற உரிமையாளர்களோடு பேச ஒரு முகமும் வேண்டும். அந்த முகமாக அவர் இருந்தார். அந்தக் காலத்தில்தான் ரொறன்ரோ எஃப்.சி. உருவாகி 2007இல் களமிறங்கியது. 2009இல் இன்னொரு பங்குதாரர் விலக, அவரது பங்கு இருபது சதவீதத்தைத் தாண்டியது.

மூவரில் ஒருவர்

2011 டிசெம்பரில் ஆசிரியர் நிதி தன் பங்கைப் பெல்லுக்கும் ரோஜர்ஸுக்கும் விற்க இணங்கியது. இருவரும் சேர்ந்து வாங்கியது 75 சதவீதம், விலை 1.32 பில்லியன் டொலர். 2012இல் கைமாற்றம் முடிந்தபோது பெல் பக்கம் 37.5, ரோஜர்ஸ் 37.5, டனென்பாம் 25.

பொறியியல் படித்தவனுக்கு இந்த மூன்று எண்களும் சுவையானவை. பங்குதாரர் ஒப்பந்தத்தின் தனி நிபந்தனைகளை ஒதுக்கிவிட்டு வெறும் வாக்குக் கணக்கைப் பாருங்கள். எவரும் தனித்து 50 சதவீதத்தைத் தாண்ட முடியாது; எந்த இருவர் சேர்ந்தாலும் தாண்டலாம். ஆகவே 25 வைத்திருப்பவரின் வாக்குக்கும் 37.5 வைத்திருப்பவரின் வாக்குக்கும் ஒரே பலம். பங்கின் அளவும் அதிகாரத்தின் அளவும் வெவ்வேறு என்பதை அமெரிக்கச் சட்டத்தரணி ஜோன் பன்சாஃப் 1965இல் நியூயோர்க்கின் நாசோ மாவட்ட சபையை உதாரணம் காட்டி எழுதினார். அவர் பெயரிலேயே இன்று ஒரு குறியீட்டெண் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தாருக்கு இதைச் சொல்லப் பன்சாஃப் வேண்டியதில்லை. பழைய காணி உறுதிகளில் நிலத்தின் அளவோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் எழுதப்பட்டிருக்கும். கால் பங்கு வைத்திருப்பவரைக் கேளாமல் கிணற்றில் கை வைக்க முடியாது. கூட்டுக்காணியில் ஒருவர் தன் பங்கை விற்பதென்றால் மற்றப் பங்குதாரருக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. தேசவழமையின் இந்த விதிக்கென 1947இல் தனிச் சட்டமே வந்தது. இன்றைய முதலீட்டு ஒப்பந்தங்களில் இதே முன்னுரிமை வேறு பெயரில் இருக்கிறது.

தொலைத்தொடர்புச் சந்தையில் ஒன்றையொன்று விழுங்கப் பார்க்கும் இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே டனென்பாம் தலைவராகத் தொடர்ந்தார். 2017இல் என்.பி.ஏ. உரிமையாளர் சபையும் அவரைத் தலைவராகத் தேர்ந்தது.

இரண்டு பேரேடுகள்

அந்த ஆண்டுகளில் கிண்ணங்களும் வந்தன. 2017இல் ரொறன்ரோ எஃப்.சி. எம்.எல்.எஸ். கிண்ணத்தை வென்றது. 2019 ஜூனில் ரப்டர்ஸ் என்.பி.ஏ. சாம்பியன். ஆனால் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும் லீஃப்ஸ் ஸ்டான்லி கிண்ணத்தைக் கடைசியாகத் தூக்கியது 1967இல்.

இப்போது மற்றப் பேரேட்டைத் திறப்போம். 1996 விலைப்படி முழு நிறுவனத்தின் மதிப்பு சுமார் 168 மில்லியன் டொலர். 2024 செப்டெம்பரில் பெல் தன் 37.5 சதவீதத்தை ரோஜர்ஸுக்கு விற்க ஒப்புக்கொண்ட விலை 4.7 பில்லியன், அதன்படி முழு மதிப்பு 12.5 பில்லியனை எட்டுகிறது. இடையில் பல சொத்துக்கள் சேர்ந்தன என்பது உண்மை. கிண்ணமில்லாத ஓர் அணியை மையமாக வைத்து இந்த ஏற்றம் நடந்தது என்பதும் உண்மை. ரசிகனின் பேரேட்டில் தோல்வி எழுதப்படும்போது முதலாளியின் பேரேட்டில் இலாபம் எழுதப்படலாம். ஒளிபரப்பு உரிமையும் நிரம்பும் இருக்கைகளும் தோல்வியைக் கண்டு குறைவதில்லை. அந்த இருக்கைகளின் விலைதான் எங்கள் பக்கத்துக் குடும்பங்களைத் தொலைக்காட்சி முன் உட்கார வைத்திருக்கிறது.

இதைக் கண்டுதான் தனியார் முதலீட்டுக்காரர் இத்துறையில் குவிந்தார்கள். அப்பல்லோ நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜோஷ் ஹாரிஸ் 2011இல் பிலடெல்பியாவின் கூடைப்பந்து அணியை வாங்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். 2023இல் வாஷிங்டன் கமாண்டர்ஸை 6.05 பில்லியன் அமெரிக்க டொலருக்கு வாங்கிய குழுவுக்கும் அவரே தலைவர். நீண்ட காலம் மறுத்துவந்த என்.எஃப்.எல். கூட 2024 ஓகஸ்டில் ஓர் அணியின் பத்து சதவீதம்வரை இத்தகைய நிதிகளுக்குத் திறந்துவிட்டது. டனென்பாமும் 2023இல் தன் விளையாட்டு நிறுவனத்தின் ஐந்தில் ஒரு பங்கை ஒன்ராறியோ மாநகர ஊழியர் ஓய்வூதிய நிதிக்கு 400 மில்லியன் அமெரிக்க டொலருக்கு விற்றார். ஆசிரியர்கள் போன வாசலால் தீயணைப்புப் படையினரும் நூலக ஊழியர்களும் உள்ளே வந்தார்கள்.

75க்கு எதிரே 25

பெல் - ரோஜர்ஸ் ஒப்பந்தம் 2025 ஜூலை 1ஆம் திகதி நிறைவேறியது. ரோஜர்ஸின் பங்கு 75 ஆனது. டனென்பாம் தரப்பின் 25 அப்படியே இருந்தது. பங்கின் சந்தை விலை முன்பு எப்போதும் இல்லாத உயரத்தில். வாக்குக் கணக்கில் அதன் பலம் பூச்சியம். அந்தக் கால் பங்கையும் 2026 ஜூலை முதல் வாங்கிக்கொள்ளும் உரிமை ரோஜர்ஸுக்கு ஏற்கெனவே இருந்தது.

இதற்கு ஓராண்டு முன்பே, 2024 மே மாதத்தில், அவர் வேறொரு வேலை செய்திருந்தார். கனடாவின் முதல் டபிள்யூ.என்.பி.ஏ. பெண்கள் கூடைப்பந்து அணிக்கான உரிமத்தைத் தன் சொந்த நிறுவனமான கில்மர் ஸ்போர்ட்ஸ் வென்சர்ஸ் மூலம் பெற்றார். கட்டணம் 50 மில்லியன் அமெரிக்க டொலர். ரொறன்ரோ ரெம்போ என்ற அந்த அணிக்கு 2026 முதல் பருவமாகக் குறிக்கப்பட்டது; 2025இல் செரினா வில்லியம்ஸும் உரிமையாளர் குழுவில் சேர்ந்தார். முப்பது ஆண்டுகள் பிறர் பெரும்பான்மைக்குள் இருந்தவர், எண்பதை நெருங்கும் வயதில் தானே தலைமை உரிமையாளராகும் ஓர் அணியைத் தேடிக்கொண்டார்.

புலம்பெயர்ந்த நம்மிடையே சேமிப்பென்றால் முழு வீடு, முழுக் கடை, முழு உரிமை. கூட்டுப் பங்கென்றால் கோடேறும் வழி என்று பயம். டனென்பாமின் கதையில் நான் காண்பது, சிறிய பங்குக்கும் பெறுமதி உண்டு என்பது. ஆனால் அந்தப் பெறுமதி எத்தனை சதவீதம் என்பதில் மட்டும் இல்லை, மிச்சப் பங்கு எத்தனை பேரிடம் பிரிந்து கிடக்கிறது என்பதிலும் இருக்கிறது. உறுதியில் கையெழுத்து வைக்கும் முன் அதை எண்ணிப் பார்ப்பது நல்லது.