தில்லி ரிட்ஜ் நடைவழிகள்

தில்லி ரிட்ஜ் நடைவழிகள்: ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடியாகத் தில்லி நகருக்குள் கிடக்கும் பாறைமேட்டுக் காடுகளுக்குள்ளும், அவற்றில் பிறந்து யமுனைக்கு இறங்கும் நாலாக்களின் (ஓடைகளின்) கரையோரமாகவும் அமைந்த பாதைகள். இவற்றில் எதுவும் நடப்பதற்கென்று போடப்பட்டதல்ல. சுல்தான்கள் வேட்டைக்குப் போன தடம், 1857இல் பட்டாளம் பீரங்கி இழுத்த வழி, வனக்காவலரின் ஜீப் தடம் ஆகியவற்றில்தான் இன்று தில்லிவாசிகள் காலையில் வாக்கிங் போகிறார்கள். சரோஜினி நகர், லக்ஷ்மிபாய் நகர், மோதிபாக், ராமகிருஷ்ணபுரம் போன்ற அரசு ஊழியர் குடியிருப்புகளுக்கு மத்திய ரிட்ஜும் தென்மத்திய ரிட்ஜும் அருகில் உள்ளவை.

நிலமும் மரமும்

ரிட்ஜின் பாறை குவார்ட்சைட். நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. தெற்கே ஹரியானா எல்லையிலிருந்து தொடங்கி, நகரின் நடுவே விட்டுவிட்டுத் தலைகாட்டி, வஜீராபாத் அருகே யமுனையைத் தொட்டு முடிகிறது. அரசுக் கணக்கில் வடக்கு ரிட்ஜ் 87 ஹெக்டேர், மத்திய ரிட்ஜ் 864, மெஹ்ரௌலியை ஒட்டிய தென்மத்திய ரிட்ஜ் 626, தெற்கு ரிட்ஜ் 6,200. மோதிபாகை அடுத்த நானக்புராவில் 7 ஹெக்டேர் அளவில் ஒரு துண்டும் இருக்கிறது. 1973இல் குடமுழுக்கு கண்ட ராமகிருஷ்ணபுரம் உத்தர சுவாமிமலைக் கோவில், தில்லித் தமிழர் வழக்கில் மலை மந்திர், இந்தப் பாறைநிலத்தின் ஒரு சிறு குன்றில்தான் எழும்பியது. சரோஜினி நகர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ரிட்ஜோடு முதல் அறிமுகம் அந்தப் படிகள்தான், அது ரிட்ஜ் என்று தெரியாமலேயே.

மண் அதிகம் பிடிக்காத இந்தப் பாறையில் இயல்பாக வளர்பவை உயரம் குறைந்த, முள்ளும் முடிச்சுமான மரங்கள்: வெள்வேலம், கருவேலம், இலந்தை, மார்ச் மாதத்தில் இலையுதிர்த்துச் செம்மஞ்சளாகப் பூக்கும் புரசு, தெற்கே மங்கர்ப் பக்கம் பாறைச் சரிவுகளில் தௌ. ஆனால் இன்று நடப்பவர் கண்ணில் பத்தில் ஏழெட்டு மரம் விலாயதி கீக்கர்தான். ராமநாதபுரத்துக்காரருக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அது சீமைக்கருவேலம். மத்திய, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்த மரம் இந்தியாவுக்கு வந்ததே 1877இல், அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதி வழியாக. தில்லிக்குப் பிந்தித்தான் வந்தது. அதன் கதை கீழே வருகிறது.

வேட்டைத் தடம் (14ஆம் நூற்றாண்டு)

ரிட்ஜில் ஆட்கள் திரும்பத் திரும்பப் போய்வந்ததற்குக் கட்டடச் சான்று கிடைப்பது துக்ளக் காலத்திலிருந்து. பிரோஸ் ஷா துக்ளக் (ஆட்சி 1351-1388) வேட்டைப் பிரியர். வடக்கு ரிட்ஜில் குஷ்க்-இ-ஷிகார் என்ற வேட்டை மாளிகையைக் கட்டி, மீரட்டிலிருந்து ஓர் அசோகர் தூணைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினார். மத்திய ரிட்ஜில் மால்சா மஹாலும் பூலி பட்டியாரி மஹாலும் அவர் காலத்தவை. இரண்டும் அணைக்கட்டுகளை ஒட்டியே இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். மழைநீர் ஓடையைக் கரைபோட்டு நிறுத்தினால் தண்ணீர் தேங்கும், தண்ணீர் தேங்கினால் விலங்கு வரும், விலங்கு வந்தால் வேட்டைக்காரர் வருவார். காட்டுப் பாதையும் நீர்க்கரைப் பாதையும் தில்லியில் அப்போது ஒரே பாதையாக இருந்தன.

சர்தார் படேல் மார்கிலிருந்து பிரியும் குறுகிய சாலை, செயற்கைக்கோள் தரைநிலையத்தின் வேலியைத் தாண்டி மால்சா மஹாலுக்குப் போகிறது. செதுக்காத கல்லைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிய சுவர்கள், உயர்ந்த மேடை, கதவில்லாத வளைவு வாசல்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் குவார்ட்சைட் சில்லுகள் வெயிலில் மினுங்கும். குரங்குகள் உள்ளேயும் கீக்கர் முட்கள் வெளியேயும் காவல். ரப்பர்ச் செருப்போடு போனால் முள் அடியில் புகுந்து மேலே எட்டிப் பார்க்கும். அவத் நவாப் வம்சத்தவர் என்று உரிமை கோரிய ஒரு குடும்பம் 1980களில் இங்கே குடியேறி நீண்ட காலம் வாழ்ந்ததால் இது பேய்க்கதைகளுக்குப் பேர்போன இடமாகிவிட்டது. கதை கேட்டு வருகிறவர்கள் இதை அணைக்கரைக் கட்டடமாகப் பார்ப்பதே இல்லை.

கால்வாய்க் கரைகள்

தில்லியில் உண்மையான கால்வாய்க்கரை நடை ஒரு காலத்தில் சாந்தினி சௌக்கில் இருந்தது. ஷாஜஹான் காலத்தில் அலி மர்தான் கானின் பெயரால் அமைந்த கால்வாய் யமுனை நீரை அவர் கட்டிய புதுநகருக்குக் கொண்டுவந்தது. கடைவீதியின் நடுவே நீரும் இருமருங்கும் மரநிழலுமாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வறண்டு, ஆங்கிலேயரால் 1820இல் மீண்டும் திறக்கப்பட்டு, பிறகு அடியோடு மூடப்பட்டது. 1874இல் ஒக்லாவில் தொடங்கிய ஆக்ரா கால்வாயின் கரை நெடுங்காலம் தில்லிக்காரர்களின் பிக்னிக் இடமாக இருந்தது.

முற்றுகையும் தலைநகரும்

வடக்கு ரிட்ஜின் உச்சியில் 1828இல் கட்டிய கொடிமரக் கோபுரத்தில், 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின்போது மே 11 அன்று நகரிலிருந்து தப்பிய ஐரோப்பியர் கூடினர். ஜூன் 8இல் ஆங்கிலப் படை ரிட்ஜைப் பிடித்து, செப்டம்பர் வரை அங்கிருந்தபடி நகரை முற்றுகையிட்டது. 1863இல் எழுப்பிய போர் நினைவுச்சின்னத்துக்கு 1972இல் அஜீத்கட் என்று பெயர் மாற்றினார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் போண்டா பார்க் என்று அழைக்கும் பகுதியில் இன்றைய நடைவழி அந்தப் படைமுகாமின் நீளத்தையே தொடர்கிறது.

1911 டிசம்பர் 12இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டபோது மத்திய ரிட்ஜ் ஆடுமாடு மேய்ந்து மொட்டையாகக் கிடந்தது. வைஸ்ராய் மாளிகைக்குப் பின்னால் பச்சையாக ஒரு திரை வேண்டும் என்று அரசு நினைத்தது. மால்சா, குஷக், ரைசீனா கிராமங்களின் நிலம் எடுக்கப்பட்டது. 1913இல் மத்திய ரிட்ஜின் சுமார் 796 ஹெக்டேர் ஒதுக்கப்பட்ட காடானது. மேய்ச்சல் நின்றது. பாறையைக் குடைந்து குழிபோட்டு நட்ட பல இனங்களில் சீமைக்கருவேலம் மட்டும் யாரையும் எதிர்பாராமல் பிழைத்துக்கொண்டது, பிறகு மற்றதற்கெல்லாம் இடம் மறுத்தது. பிரதீப் கிருஷனின் ‘ட்ரீஸ் ஆஃப் டெல்லி’ (2006) வெளிவந்த பிறகுதான் இந்தக் காட்டின் செயற்கைத்தனம் பொதுவாசகருக்குத் தெரியவந்தது.

சுதந்திரத்துக்குப் பின்

சரோஜினி நகர் 1950களில் வினய் நகர் என்ற பெயரில் எழுந்த குடியிருப்பு. பின்னரே சரோஜினி நாயுடுவின் பெயரைப் பெற்றது. அதே ஆண்டுகளில் சாணக்யபுரி ரிட்ஜின் அடிவாரம்வரை பரவியது. மத்திய ரிட்ஜில் புத்தர் ஜயந்திப் பூங்கா உருவாகி, 1964இல் லால் பகதூர் சாஸ்திரி அங்கே போதிமரக் கன்று நட்டார். பூங்காவாக்கிய ரிட்ஜில் புல்தரையும் பெஞ்சும் வந்தன, காடு போனது. இருந்தாலும் வீட்டுக்காரம்மாவையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு சாமானியர் ரிட்ஜுக்குள் காலெடுத்து வைத்தது இந்தப் பூங்காக்கள் வழியாகத்தான்.

1978இல் கீதா சோப்ரா, சஞ்சய் சோப்ரா என்ற அக்கா தம்பி கடத்திக் கொல்லப்பட்டு உடல்கள் ரிட்ஜில் கிடைத்தன. ஊரே உறைந்துபோன அந்தச் சம்பவத்துக்குப் பின் ‘ரிட்ஜுப் பக்கம் போகாதே’ என்பது தில்லி வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லும் நிரந்தரப் புத்திமதியானது. மறு ஆண்டே, 1979இல், ரிட்ஜை அழிக்கக் கூடாது என்று மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். கல்பவிருட்சம் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு அதிலிருந்து பிறந்தது. அவர்களை ரிட்ஜோடு பிணைத்தது பறவை பார்க்கப் போன நடைகள். 1994இல் 7,777 ஹெக்டேரையும் ஒதுக்கப்பட்ட காடாக்கும் முதற்கட்ட அறிவிக்கை வெளியானது. இறுதி அறிவிக்கை பல பத்தாண்டுகள் இழுத்தது. மெஹ்ரௌலிப் பக்கம் சஞ்சய் வனத்தில் லால்கோட்டின் கோட்டைச் சுவரை ஒட்டிய தடமும், பதர்ப்பூர் மணல் தோண்டிய பள்ளங்களில் ஏரி தேங்கிய அசோலா பாட்டி சரணாலயத் தடங்களும் இன்று பெயர்பெற்றவை.

நாலாக்கள்

ரிட்ஜிலிருந்து யமுனைக்கு நடக்க இயற்கையே போட்டுக்கொடுத்த வழி நாலாக்கரை. மால்சா அணைப்பக்கம் பிறக்கும் குஷக் நாலா சாணக்யபுரி வழியாகக் கிழக்கே ஓடி, ஜஹாங்கீர் காலத்தில் கட்டிய பாராபுலா பாலத்தை நோக்கிப் போகிறது. பதினோரு வளைவுகள் கொண்ட அந்தப் பாலத்தடியில் ஒருகாலத்தில் ஓடியது மழைநீர். கழிவுநீரை அதில் திறந்துவிட்ட பிறகு நாற்றத்துக்கு நகரம் கண்ட மருந்து, மூடிவிடுவது. சரோஜினி நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஐ.என்.ஏ. தில்லி ஹாட், மூடிய நாலாவின் மேல் 1994இல் போட்ட சந்தைதான். கைத்தறிப் புடவை பேரம் பேசுகிறவர்களின் காலடியில் ஓடை ஓடுகிறது. 350 கிலோமீட்டர் நாலாக்களைச் சுத்திகரித்து நடைபாதையும் சைக்கிள் தடமும் அமைக்கலாம் என்று மார்ஃபோஜெனிசிஸ் என்ற கட்டடக்கலை நிறுவனம் திட்டம் தந்தது. எல்லோரும் பாராட்டினார்கள், யாரும் செய்யவில்லை.

நாலாக்கரை மூடிப்போனபின் மிஞ்சிய தெருமர நிழலுக்கும் ஆபத்து வந்தது. 2016இல் சரோஜினி நகர், நௌரோஜி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை இடித்துக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டுப்படும் என்று 2018 ஜூனில் தெரிந்ததும் குடியிருப்போர் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றனர். தில்லி உயர்நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தியது. ரிட்ஜ் வரை போக முடியாத வயதானவர்களுக்கு அந்த நாவல், வேப்பமர வரிசைகளே நடைவழி என்பதை அந்தப் போராட்டம் பதிவு செய்தது.

சட்ட நிலை

இந்த நடைவழிகளின் சட்ட நிலை இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் விளங்கும். அங்கே கிராமப்புறக் காட்டுவழிகள் பொதுமக்கள் கேட்டு வாங்கிய பாதைகள். 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கௌட் மேட்டில் தொழிலாளர்கள் நடக்கும் உரிமை கேட்டு அத்துமீறி நடந்தார்கள். 1949 சட்டம் ஒவ்வொரு பொது நடைவழியையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. 1965இல் பென்னைன் வே திறந்தது. அங்கே பாதை நிலவுடைமையைத் தாண்டிய உரிமை. இங்கே நிலை வேறு: இந்திய வனச் சட்டம் 1927, பிரிவு 26இன்படி ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். ரிட்ஜைக் கட்டடங்களிடமிருந்து ஓரளவு காப்பாற்றியது இந்தச் சட்டம்தான் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ரிட்ஜில் நடப்பவர் இன்றும் வனத்துறையின் தயவில்தான் நடக்கிறார். தில்லியில் எந்தக் காட்டுத் தடமும் எந்த நாலாக்கரையும் பொது நடைவழி என்ற சட்டத் தகுதியைப் பெறவில்லை.