‘மிலிட்டரி’ வாட்ச்சுக்கு 50,000 ரூபாயா? மதுரை வெயிலில் ஒரு விலைக் கணக்கு!

கறுப்பு டயல், பெரிய வெள்ளை எண்கள், உள்வட்டத்தில் 13 முதல் 24 வரை பொடி எண்கள், காக்கி அல்லது பச்சை நிற நைலான் ஸ்ட்ராப். இப்படி ஒரு வாட்ச்சைப் பார்த்தால், அதுதான் ‘ஃபீல்டு வாட்ச்’. நம்மூர் பேச்சில், மிலிட்டரி வாட்ச். மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிளாட்பாரத்தில் இந்த முகத்தோடு ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம். பிராண்டட் ஷோரூமில் கிட்டத்தட்ட அதே முகத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் 3,000, 12,000, 28,000 என்று ஏகப்பட்ட படிகள்.

முதல் சம்பளத்தில் ஒன்று வாங்கலாம் என்று நினைப்பவர்களும், பட்டாளத்துக்குப் போகும் தம்பிக்குப் பரிசு தேடும் அக்காக்களும், ‘இன்டர்ஸ்டெல்லர்’ பார்த்துவிட்டு மர்ஃப் கையில் இருந்த வாட்ச் எங்கே கிடைக்கும் என்று கூகுளைக் குடைபவர்களும் முட்டி நிற்பது ஒரே கேள்வியில்தான். இதுக்கு இவ்வளவு விலை தகுமா?

பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. ஏனென்றால், இந்த வாட்ச்சின் விலையைப் புரிந்துகொள்ள அதன் பிறப்பைப் புரிந்துகொள்வது அவசியம்.

மலிவாக இருக்கணும் என்பதுதான் கண்டிஷன்

நூறு வருஷத்துக்கு முன்புவரை ஆண்கள் சங்கிலி போட்ட பாக்கெட் கடிகாரத்தைத்தான் அதிகம் வைத்திருந்தார்கள். முதல் உலகப்போரில் பதுங்குகுழிக்குள் ஒரு கையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு பாக்கெட்டைத் துழாவ முடியவில்லை. கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் ‘ஏ-11’ என்ற பெயரில் ஒரு விதிமுறையே எழுதி, எல்ஜின், வால்தம், புலோவா ஆகிய கம்பெனிகளிடம் செய்து வாங்கியது. சாவியை வெளியே இழுத்தால் நொடி முள் நிற்க வேண்டும். அப்போதுதான் ஒரு படைப்பிரிவே ஒரே நொடியில் நேரத்தைச் சரிசெய்துகொள்ள முடியும். பிரிட்டிஷ் ராணுவமும் 1945-ல் 12 கம்பெனிகளிடம் இதேபோல வாங்கியது. ஒமேகா, லாஞ்சின்ஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சேகரிப்பாளர்கள் அந்த 12-ஐயும் ‘டர்ட்டி டஜன்’ என்பார்கள்.

1964-ல் வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவம் எழுதிய புது விதிமுறையில் முக்கியமான விஷயம், விலை குறைவாக இருக்க வேண்டும் என்பது. இருட்டில் மணி தெரியணும், ஈரம் தாங்கணும், தொலைந்தால் அழக்கூடாது. அவ்வளவுதான். இன்றைய ஃபீல்டு வாட்ச்சுகளின் முகம் பெரும்பாலும் இந்த வரிசையில் இருந்து எடுத்ததே. தொலைந்தால் அழக்கூடாது என்று பிறந்த பொருளுக்கு இன்று நாம் ஈ.எம்.ஐ போடுகிறோம் என்பது தனி வேடிக்கை.

ஸ்ட்ராப் கதையும் அப்படித்தான். ‘நேட்டோ ஸ்ட்ராப்’ என்று ஆன்லைனில் விற்கும் நைலான் பட்டை, பிரிட்டிஷ் ராணுவம் 1973-ல் விதிமுறை எழுதிக் கொடுத்த சரக்கு. கடிகாரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு பின்களில் ஒன்று தெறித்தாலும் வாட்ச் கீழே விழாது. அதுதான் அதன் சாமர்த்தியம்.

நம்ம ஊர் ஃபீல்டு வாட்ச்

இந்தியாவிலும் இப்படி ஒன்று இருந்தது, பெயரே ‘ஜவான்’. 1953-ல் பெங்களூரில் தொடங்கிய ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு கைக்கடிகாரத் தொழிலில் இறங்கியது. ஜனதா, பைலட், கோஹினூர் வரிசையில் வந்ததுதான் ஹெச்.எம்.டி ஜவான். சாவி கொடுக்கும் வாட்ச், 17 ஜுவல், எளிமையான டயல், உள்ளே 24 மணி நேர எண்கள். பார்த்தால் சாதுவாக இருக்கும், உழைப்பில் மாடு. சாவி கொடுக்கும் ஹெச்.எம்.டி-யைத் தெரியாத பழைய வாட்ச் ரிப்பேர்காரர் நம்மூரில் கிடையாது. மூடியைத் திறந்ததும் அவர் கை தானாக வேலையைத் தொடங்கிவிடும்.

1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி ஓசூரில் ஆலை போட, செல் போட்டு ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வீட்டுக்கு வீடு வந்தது. சாவி கொடுப்பதற்கு யாருக்கும் பொறுமையில்லை. 2016 ஜனவரியில் ஹெச்.எம்.டி வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் ஜவானுக்கு மவுசு கூடியது. வழக்கம்போல!

மதுரை என்ன கேட்கும்?

கடைக் கண்ணாடிக்குப் பின்னால் எல்லா வாட்ச்சும் அழகுதான். இங்கே கட்டினால் என்ன ஆகும் என்பதே கேள்வி.

முதல் எதிரி, வியர்வை. ஏப்ரல், மே-யில் வெயில் சாதாரணமாக 100 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. டூவீலரில் திருமங்கலத்தில் இருந்து மாட்டுத்தாவணி வருவதற்குள் லெதர் ஸ்ட்ராப் நனைந்துவிடும். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, சில மாதங்களில் நாற்றம் எடுக்கும், வெடிக்கும். எத்தனை ஆயிரம் கொடுத்த வாட்ச்சாக இருந்தாலும் லெதரின் கதி இதுதான். நைலான் என்றால் ராத்திரி சோப்பு போட்டு அலசி, காலையில் கட்டிக்கொள்ளலாம். ராணுவ வாட்ச்சில் நம்மூருக்கு அப்படியே பொருந்துவது இதுதான்.

பிளாட்பார வாட்ச் தோற்பதும் இதே இடத்தில். ஸ்டீல் என்று சொல்லி விற்கும் அந்த கேஸ் பெரும்பாலும் மலிவு உலோகத்தின் மேல் பூசிய முலாம். உப்பு பட்டால் உரிந்து, மணிக்கட்டில் கறுப்பு வளையம் போட்டுவிடும். சிலருக்கு அரிப்பும் வரும். இதற்கு ஒரு நல்ல டிஜிட்டல் வாட்ச் வாங்கிவிடலாம்.

அடுத்தது தூசி. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகளின் கடினத்தன்மை மோஸ் அளவில் 7. சாதாரண மினரல் கண்ணாடி அதைவிட மென்மையானது, அதனால் கீறல் விழும். சஃபையர் கண்ணாடி 9, கீறல் விழாது. ஆனால் பலமாக அடிபட்டால் நொறுங்கலாம். பழைய ஹெச்.எம்.டி-யில் இருக்கும் பிளாஸ்டிக் கண்ணாடி சீக்கிரம் கீறும்தான். ஆனால், டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். எது உசத்தி என்று சட்டென்று சொல்ல முடியாது. கல்குவாரி, கட்டுமானம் என்று வேலை செய்பவர்களுக்கு சஃபையருக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

தண்ணீர் விஷயத்தில்தான் ஏமாறுபவர்கள் அதிகம். டயலில் ‘30 மீட்டர்’ என்று இருந்தால் 30 மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்று அர்த்தம் இல்லை. ஆய்வகத்தில் அசையாமல் வைத்து, அந்த ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தைத் தாங்கியது என்று மட்டுமே அர்த்தம். கை கழுவலாம், மழையில் நனையலாம். பம்புசெட் குழாய்க்குக் கீழே கையை நீட்டவோ, கிணற்றில் குதிக்கவோ கூடாது. அதற்கு 100 மீட்டர் வேண்டும். ‘மிலிட்டரி’ என்று பெயர் வைத்துக்கொண்டு 30 மீட்டரோடு நிற்கும் வாட்ச்சுகள் மார்க்கெட்டில் நிறைய.

ராத்திரி வயலுக்கு மோட்டார் போடப் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். முள்ளில் பூசியிருக்கும் ஒளிரும் பூச்சு, பகலில் வாங்கிய வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. நேரம் ஆக ஆக மங்கும். சட்டைக் கைக்குள்ளேயே இருந்த வாட்ச் இருட்டில் ஒளிராது. பட்டனை அழுத்தினால் டயல் முழுக்க வெளிச்சம் வரும் டைமெக்ஸின் ‘இண்டிக்ளோ’, இந்த விஷயத்தில் அரை லட்ச ரூபாய் வாட்ச்சையும் தோற்கடித்துவிடும்.

நேரம் சரியா காட்டுமா, பாஸ்?

இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆனால் வாட்ச் ரசிகர்கள் இதை நைஸாகத் தவிர்ப்பார்கள்.

செய்கோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசையின் ஃபீல்டு மாடலை எடுத்துக்கொள்வோம். கையசைவில் தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக், 100 மீட்டர். 25,000 ரூபாய்க்கு மேல் போகிறது. உள்ளே ஓடும் 4ஆர்36 இயந்திரத்துக்கு செய்கோ சொல்லும் கணக்கு, ஒரு நாளைக்கு 45 நொடி முந்தலாம் அல்லது 35 நொடி பிந்தலாம். கடைசி எல்லையில் ஓடினால் வாரத்துக்கு 5 நிமிடம். நிஜத்தில் பெரும்பாலான வாட்ச்சுகள் இதைவிட நன்றாகவே ஓடும், ஆனால் கம்பெனி உறுதி தருவது அவ்வளவுதான். 1,500 ரூபாயைச் சுற்றிக் கிடைக்கும் கேசியோ எஃப்-91டபிள்யூ மாதத்துக்கே 30 நொடிதான் விலகும். வைகை எக்ஸ்பிரஸைப் பிடிக்க எதைக் கட்டிக்கொண்டு போவது என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஆள் சேர்ப்புக்காக ஓடும் தம்பிகளுக்கு இது இன்னும் சீரியஸான விஷயம். அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடித்தால் முழு மதிப்பெண். தமிழகக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஃபீல்டு வாட்ச் என்று பெயர் இருந்தாலும் அதில் ஸ்டாப்வாட்ச் கிடையாது! ராணுவத்துக்கு ஆசைப்பட்டு ராணுவ வாட்ச் வாங்கினால் பயிற்சிக்கு உதவாது. அதே எஃப்-91டபிள்யூ-வில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. எடை கையில் தெரியாது, செல் ஏழு வருஷம் வரும். கிணற்றில் குதிக்கும்போது மட்டும் கழற்றிவைத்துவிடணும். பரிசு தேடும் அக்காக்களே, இதையும் மனசில் வையுங்கள். வேலை கிடைத்த பிறகு ஸ்டைலாக ஒன்று வாங்கித் தரலாம்.

சரி, எவ்வளவு வரை போகலாம்?

என் கணக்கில், வேலைக்கு ஆகிற ஃபீல்டு வாட்ச்சின் உச்சவரம்பு 10,000 முதல் 15,000 ரூபாய். அந்த இடத்தில் நிற்பது சிட்டிசனின் ஈகோ டிரைவ். வெளிச்சத்தில் சார்ஜ் ஆகும். முழு சார்ஜில் இருட்டிலேயே கிடந்தாலும் ஆறு மாதம் ஓடும். 37 மி.மீ அளவில் அவர்கள் செய்யும் பிஎம்8180 மாடலுக்கு 100 மீட்டர் தாங்குதிறனும் உண்டு. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் வெயிலில் ஓடும் வாட்ச். இதைவிடப் பொருத்தம் வேறு என்ன இருக்க முடியும்? அதற்குக் கீழே டைமெக்ஸ் எக்ஸ்பெடிஷன் வரிசை நியாயமான விலையில் இருக்கிறது. 3,000 ரூபாய்க்குள் என்றால் கேசியோவின் எம்ஆர்டபிள்யூ-200ஹெச். பிளாஸ்டிக் உடம்புதான், ஆனால் 100 மீட்டர்.

15,000-ஐத் தாண்டிக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் ஆசைக்கு. ஆசைப்படுவது தப்பில்லை, அது ஆசை என்று தெரிந்து கொடுத்தால் போதும். செய்கோவின் அந்த விலையில்கூட சஃபையர் இல்லை, கம்பெனியின் ‘ஹார்ட்லெக்ஸ்’ என்ற கடினப்படுத்திய மினரல் கண்ணாடிதான். ஹாமில்டன் காக்கி ஃபீல்டு மெக்கானிக்கல் வேறு ரகம். இரண்டாம் உலகப்போரில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்திவிட்டு ராணுவத்துக்குச் செய்துகொடுத்த கம்பெனி. இன்று ஸ்விஸ் ஸ்வாட்ச் குழுமத்தின் கையில். 38 மி.மீ, சஃபையர், ஒருமுறை முழுசாகச் சாவி கொடுத்தால் 80 மணி நேரம். கையில் எடுத்துப் பார்த்தால் ஏன் மயங்குகிறார்கள் என்பது புரியும். ஆனால் தண்ணீர்த் தாங்குதிறன் 50 மீட்டர்தான். நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்ய வேண்டும், அதற்கு ஆயிரங்களில் எடுத்து வைக்கணும். பக்கத்துத் தெரு ரிப்பேர் கடை போதாது, அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ‘இன்டர்ஸ்டெல்லர்’ மர்ஃப் வாட்ச்சும் ஹாமில்டனுடையதுதான். படம் வந்தது 2014, கடையில் விற்பனைக்கு வந்தது 2019-ல்.

விலையை மணிக்கட்டோடும் வைத்துப் பார்க்க வேண்டும். அசல் ராணுவ வாட்ச்சுகள் 32 முதல் 38 மி.மீ-க்குள் அடங்கியவை. 46 மி.மீ-ல் தட்டு மாதிரி இருப்பதற்கும் ராணுவத்துக்கும் சம்பந்தமில்லை.

ஜவான் வாங்கலாமா?

நியாயமான விலைக்கு அசல் கிடைத்தால், தாராளமாக. பிரச்னை அந்த ‘அசல்’தான். ஆன்லைனில் ஆயிரம், இரண்டாயிரத்துக்குக் குவிந்துகிடக்கும் ஜவான், பைலட்களில் நிறைய, பழைய இயந்திரத்துக்குப் புது டயல் அச்சடித்துப் பொருத்தியவை. சேகரிப்பாளர்கள் கிண்டலாக ‘மும்பை ஸ்பெஷல்’ என்பார்கள். எழுத்து கோணலாக இருப்பது, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, கிளிப்பச்சை நிறங்கள், 40 வருஷப் பழைய வாட்ச்சில் நேற்று அடித்தது மாதிரி மின்னும் டயல், இவையெல்லாம் அடையாளம். இயந்திரத்தின் படத்தைக் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள். பெங்களூரு ஜாலஹள்ளியில் ஹெச்.எம்.டி ஹெரிடேஜ் சென்டர் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் அசல் டயல்கள் எப்படி இருக்கும் என்று பார்த்துவைத்துக்கொண்டால், அப்புறம் கண் ஏமாறாது. ஒன்று மட்டும், பழைய ஜவானைத் தண்ணீர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தின் வயசு உங்கள் வயசைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

வாங்குவதற்கு முன் வீட்டு பீரோவையும் ஒருமுறை திறந்து பாருங்கள். தாத்தாவோ அப்பாவோ கட்டிய சாவி வாட்ச் ஒன்று கிடக்கலாம். ரிப்பேர் கடையில் கொடுத்து, சுத்தம் செய்து எண்ணெய் விடச் சொல்லுங்கள். ஸ்ட்ராப் மாட்டும் இரண்டு கொம்புக்கும் நடுவில் ஸ்கேல் வைத்து அளந்தால் 18 மி.மீ அல்லது அதற்கு ஒட்டி ஏதாவது வரும். அதே அகலத்தில் ஒரு காக்கி நைலான் ஸ்ட்ராப், 300 ரூபாய்.