கலோமெல்

கலோமெல் பாதரசமும் குளோரினும் சேர்ந்த ஓர் உப்பு. கனத்த வெண்தூள், நீரில் கரையாது என்றே சொல்லலாம், வாயில் போட்டால் சுவை தெரியாது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 350 ஆண்டுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிகுதியாகக் கொடுக்கப்பட்ட மருந்துகளுள் இது ஒன்று. காய்ச்சல், மலச்சிக்கல், ஈரல் கோளாறு, மேகநோய், குடற்புழு என எதற்கும் இதையே எழுதிக்கொடுத்தார்கள். சித்த மருத்துவ நூல்கள் பூரம் என்று குறிப்பிடும் சரக்கும் இவ்வகை உப்பே.

1618-இல் வெளிவந்த லண்டன் மருந்து நூலில் கலோமெல் இடம்பெற்றது. அதற்கு வழிசெய்தவர் அரச மருத்துவர் தியோடர் டி மயர்ன் என்பர். வீரம் என்னும் கொடிய நஞ்சோடு பாதரசத்தைச் சேர்த்துச் சூடேற்றி ஆவியாக்கிப் படியவைத்து இதைச் செய்தனர். வீரத்தை உட்கொண்டவர் குடல் வெந்து இறந்தார். கலோமெல் உண்டவர் அப்படி உடனே இறக்கவில்லை. இந்த ஒப்பீட்டிலிருந்துதான் அது தீங்கற்றது என்ற பெயர் பிறந்தது.

அன்றைய மருத்துவக் கொள்கைப்படி நோய் என்பது உடலில் தேங்கிய கெட்ட நீர்; அதை வெளியேற்றுவதே சிகிச்சை. கலோமெல் கொடுத்தால் வயிறு போகும். மலம் பச்சையாக இறங்கும். பித்தம் வெளியேறுகிறது என்று மருத்துவர் மகிழ்வார். மேலும் கொடுத்தால் வாயில் எச்சில் இடைவிடாமல் ஊறி வழியும். மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளமாகக் கருதப்பட்டது. ஈறு வீங்கிப் பல் ஆடும்வரை கொடுத்தவர்களும் உண்டு. எச்சில் வழிவதும் ஈறு வீங்குவதும் பாதரச நஞ்சேற்றத்தின் அறிகுறிகள். நஞ்சு ஏறுவதையே நோய் இறங்குவதாகப் படித்துக்கொண்டதால்தான் இந்த மருந்து இத்தனை தலைமுறை நீடித்தது.

1793-இல் பிலடெல்பியா நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவி ஏறக்குறைய 5,000 பேர் மாண்டனர். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவரும் நாட்டின் புகழ்பெற்ற மருத்துவருமான பெஞ்சமின் ரஷ் நகரை விட்டு ஓடாமல் நின்று நாள்தோறும் நோயாளிகளைப் பார்த்தார். அவர் தந்த சிகிச்சையோ, 10 கிரெய்ன் (சுமார் 650 மில்லிகிராம்) கலோமெலும் ஜலாப் என்னும் பேதிக் கிழங்குத் தூளும் சேர்த்துத் திரும்பத் திரும்பக் கொடுப்பது. கூடவே கையின் இரத்தக் குழாயைக் கீறி இரத்தம் வடிப்பது. அவரது துணிவையும் ஈகையையும் யாரும் மறுக்க முடியாது. பேராசை கொண்ட போலி வைத்தியரின் கையில் மட்டுமன்றி, நேர்மையான மருத்துவரின் கையிலும் நஞ்சு இருந்தது என்பதே இந்த வரலாற்றில் மிகவும் வருத்தம் தருவது. வில்லியம் காபெட் என்ற இதழாளர் ரஷ்ஷின் முறையைக் கடுமையாகத் தாக்கி எழுதினார்; ரஷ் அவதூறு வழக்குத் தொடுத்து, 1799-இல் 5,000 டாலர் இழப்பீடு பெற்றார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 மே மாதத்தில், படையின் தலைமை மருத்துவர் வில்லியம் ஹாமண்ட் கலோமெலை இராணுவ மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கினார். மருத்துவர்கள் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டு, வேறு குற்றச்சாட்டுகளின் பேரில், ஹாமண்ட் பதவியிழந்தார்.

பெரியவர்களுக்குக் கொடுப்பது குறைந்த பிறகும் குழந்தைகள் தப்பவில்லை. பல் முளைக்கும் பருவத்தில் அழும் குழந்தைக்குக் கொடுக்கும் பொடிகளில் கலோமெல் கலந்திருந்தது. சுவையற்றது என்பதால் குழந்தை துப்பாது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இவை மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைத்தன. இதே காலத்தில் இளஞ்சிவப்பு நோய் என்ற புதிரான நோய் சிறு குழந்தைகளைத் தாக்கியது. கை கால்கள் சிவந்து வீங்கித் தோல் உரியும், வெளிச்சம் கூசும், பசி அற்றுப்போகும், குழந்தை ஓயாமல் சிணுங்கும், சிலருக்குப் பல்லும் நகமும் உதிரும். உயிரிழந்தவர்களும் பலர். வைரஸ் என்றனர் சிலர். சத்துக்குறைவு என்றனர் வேறு சிலர். பொடி உண்டவர்களில் ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கே நோய் வந்ததாக மதிப்பிடப்படுகிறது. ஆகவே அண்டை வீட்டுக் குழந்தை நலமாக இருக்க, பொடியின் மேல் யாருக்கும் ஐயம் எழவில்லை. தொல்லை தீரட்டும் என்று தாயே மீண்டும் ஒரு பொட்டலம் பிரித்தாள்.

அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜோசப் வார்க்கனியும் டொனால்டு ஹப்பார்டும் இந்நோய் கண்ட குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்துப் பாதரசத்தைக் கண்டனர். 1948-இல் லான்செட் இதழில் அதை வெளியிட்டனர். எல்லாரும் உடனே ஏற்கவில்லை. 1954-இல் பிரிட்டனின் பொடித் தயாரிப்பாளர்கள் கலோமெலை விட்டொழித்தனர். சில ஆண்டுகளுக்குள் நோய் அநேகமாக மறைந்தது.

மருந்தாக வழக்கொழிந்த கலோமெல் முகப்பூச்சுகளில் பிழைத்திருந்தது. தோலில் நிறமி உருவாவதைப் பாதரசம் தடுப்பதால் நிறத்தை வெளுக்கவைக்கும் களிம்புகளில் அதைச் சேர்த்தனர். 1996-இல், மெக்சிகோவில் தயாரான அழகுக் களிம்பு ஒன்றைப் பூசிய டெக்சாஸ் பகுதி மக்களிடம் பாதரச நஞ்சேற்றம் கண்டறியப்பட்டது. களிம்பில் இருந்தது கலோமெல்.