நெற்றி தந்த மூக்கு

மூக்கில் வந்த தோல் புற்றுநோயை வெட்டி எடுத்த பிறகு, அந்தப் பள்ளத்தை என்ன செய்வது? சின்னக் காயமென்றால் இழுத்துத் தைத்துவிடலாம். குழிவான இடத்தில் தானாகவே ஆறட்டும் என்று விடுவதும் உண்டு. காதுக்குப் பின்னாலிருந்து தோலெடுத்து ஒட்டலாம். ஆனால் ஒட்டுத்தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் உள்ள சதையை நம்பித்தான் அது பிழைக்க வேண்டும். சதையும் போய்விட்ட பெரிய பள்ளத்துக்கு மருத்துவர்கள் இன்றும் நெற்றித் தோலைத்தான் நாடுகிறார்கள். அந்த வித்தை லண்டனுக்குப் போனது புனேயிலிருந்து.

கோவாஸ்ஜி என்ற மராட்டியர், திப்பு சுல்தானுக்கு எதிரான 1792 போரில் ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டியவர். திப்புவின் படையிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டுக்கு மேல் மூக்கில்லாமலே இருந்தவருக்கு, புனே அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். மெழுகுத் தகட்டை மூக்குபோல் வளைத்துப் பொருத்திப் பார்த்தார். அதையே தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு கிழித்தார். கோட்டின் வழியே தோலை உரித்தார். புருவங்களுக்கு நடுவே மட்டும் ஒரு பட்டையை அறுக்காமல் விட்டார். உரித்த தோலைத் திருப்பி மூக்கில் பொருத்தி, காசுக்கட்டி தடவிய துணித்துண்டுகளால் மூடினார். பிறகு நெய்யில் நனைத்த துணி. ஏறக்குறைய இருபத்தைந்தாம் நாள் பட்டையை அறுத்தார்.

அந்தப் பட்டையில்தான் அவருடைய அறிவு முழுவதும் இருக்கிறது. புது இடத்தில் தோல் வேர்பிடிக்கும்வரை ரத்தம் அதன் வழியே வந்துகொண்டிருக்கும்.

பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த ஆங்கில மருத்துவர்கள் இருவர் இந்தச் சிகிச்சையை நேரில் பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' இதழில் கோவாஸ்ஜியின் படத்தோடு செய்தி வந்தது. அதைப் பின்பற்றி, முதலில் பிணங்களில் பழகிவிட்டு, 1814இல் ஜோசப் கார்ப்யூ லண்டனில் ஒரு ராணுவ அதிகாரிக்கு மூக்கு வைத்தார். 1816இல் அதை நூலாகவும் எழுதினார். நோயாளியின் பெயர் நமக்குத் தெரியும், கார்ப்யூவின் பெயரும் தெரியும். செங்கல் அறுத்தவரின் பெயரை அந்த இதழ் எழுதவில்லை. எனக்கு இது ஆறாத வருத்தம்.

இன்று மயக்க மருந்து உண்டு, புருவத்தருகே ஓடும் நாளம் எதுவென்றும் தெரியும். பட்டையை அறுப்பது மட்டும் இன்றும் மூன்று வாரம் கழித்துத்தான்.

மூக்கில் ஒரு புண் வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறியதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால், பெரும்பாலும் நெற்றியில் கைவைக்க வேண்டியிருக்காது.