ஆய்வுரையில் மூவிடப்பெயர்கள்

ஆய்வேட்டிலும் ஆய்வுக் கட்டுரையிலும் நான், நாம், அவர், அவை, தாம் முதலிய சொற்களைப் பிழையின்றி, தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சீராக ஆளும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் பாகுபாடு தொல்காப்பியத்திலேயே உள்ளது. ஆய்வுரை வாசகரை நேரே விளிப்பது அரிது என்பதால் முன்னிலைக்கு அங்கே வேலை குறைவு. சிக்கலெல்லாம் மற்ற இரண்டில்தான்.

‘நாம்’ கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும், ‘நாங்கள்’ விலக்கும். இருவர் சேர்ந்து கிணற்று நீரைச் சோதித்திருந்தால் “நாங்கள் சோதித்தோம்” என்பதே சரி. “நாம் சோதித்தோம்” என்றால் வாசகரும் உடனிருந்ததாகிவிடும். “இதிலிருந்து நாம் அறிவது” என்னும்போதோ வாசகரைச் சேர்ப்பது பொருந்தும். -ஓம் விகுதி இரண்டுக்கும் பொது என்பதால், ஐயம் எழும் இடத்தில் எழுவாயை விடாமல் எழுத வேண்டும்.

தனி ஒருவர் எழுதும் ஆய்வேட்டில் “கண்டறிந்தேன்”, “இவ்வாய்வாளர் கண்டறிந்தார்”, “கண்டறியப்பட்டது” என மூன்றும் ஒரே இயலில் கலந்து வருவது பரவலான குறை. முந்தைய பத்தியில் வேறோர் ஆய்வாளர் பேசப்பட்டிருந்தால், கண்டறிந்தவர் யார் என்பதே குழம்பிவிடும். ‘நான்’ என்பது அடக்கமின்மை என்ற தயக்கம் இதற்கு ஒரு காரணம். அத்தயக்கம் தேவையற்றது. அமெரிக்க உளவியல் கழகத்தின் நடைக் கையேடு (7ஆம் பதிப்பு, 2019) தனி ஆசிரியர் தம்மைத் தன்மை ஒருமையிலேயே குறிக்கச் சொல்கிறது. தமிழிலோ வினைமுற்றே இடத்தைக் காட்டிவிடும். “கண்டறிந்தேன்” என்றால் போதும், ‘நான்’ வரிக்கு வரி வர வேண்டியதில்லை.

படர்க்கையில் தமிழுக்குக் கிடைத்த அரிய கருவி தான், தாம் என்னும் சொற்கள். இவை பெரும்பாலும் எழுவாயையே சுட்டும். “உ.வே. சாமிநாதையர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைச் சந்தித்தபோது அவருடைய வறுமையைப் பற்றிப் பேசினார்” என்ற எடுத்துக்காட்டில், யாருடைய வறுமை என்பது தெளிவாக இல்லை. “தம் வறுமையை” என்று மாற்றினால் அது சாமிநாதையருடையது என உறுதியாகும். பிள்ளையுடையதைக் குறிக்க விரும்பினால் “பிள்ளையின் வறுமையை” என்று பெயரையே எழுதுவது நலம். ‘அவர்’ என்ற எழுவாய்க்குத் ‘தம்’ இயையும், ‘தன்’ இயையாது. பலரைத் தனித்தனியே சுட்டத் ‘தத்தம்’ உண்டு: “ஒவ்வொருவரும் தத்தம் ஊர் வழக்கைக் கூறினர்.”

அஃறிணைப் பன்மையில் “தரவுகள் காட்டுகிறது” என்பது பிழை. “காட்டுகின்றன” என்பதே சரி. பத்தியின் தொடக்கத்தில் ‘இது’ என்று மட்டும் எழுதாமல் ‘இம்முடிவு’, ‘இவ்வேறுபாடு’ என்று பெயரோடு சேர்த்துச் சுட்டினால் வாசகர் பின்னோக்கித் தேட வேண்டியிராது.

மரியாதைப் பன்மையிலும் சீர்மை வேண்டும். “கம்பன் பாடினான்” என்னும் இலக்கிய மரபும் “கம்பர் பாடினார்” என்னும் வழக்கும் இரண்டும் ஏற்புடையவை. ஒரே கட்டுரையில் இரண்டும் கலப்பது கூடாது. ஆண் தகவலாளியை ‘அவர்’ என்றும், வயலில் நடவு செய்யும் பெண்ணை ‘அவள்’ என்றும் எழுதுவது இலக்கணப் பிழையன்று. ஆனால் ஆய்வு நேர்மைக்கு அது இழுக்கு. பால் காட்டாத ‘அவர்’ தமிழில் இருக்கும்போது, தகவல் தந்த எவரையும் அப்படியே குறிப்பிட வேண்டும்.