சீட்டுக்கு மதிப்பு கொடுத்தது யார்?

புலம்பெயர்ந்த நாடுகளில் பிள்ளை வளர்க்கும் தமிழர் பலரும் யு-கி-ஓ என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். படம் அச்சிட்ட ஒரு துண்டு அட்டைக்காகப் பிள்ளைகள் சேமிப்பதையும் சண்டையிடுவதையும் கண்டு வியந்தும் இருப்பார்கள். அந்த அட்டையின் வரலாற்றைப் பின்னோக்கித் தொடர்ந்தால், வழியில் நமது மலையகம் வருகிறது.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சில செய்திகள். கசுகி தகஹாஷி எழுதி வரைந்த யு-கி-ஓ சித்திரக்கதை 1996 முதல் 2004 வரை ஜப்பானின் ஷோனென் ஜம்ப் வார இதழில் வெளிவந்தது. கதையின் நடுவே வந்த ஒரு சீட்டாட்டம் கதையையே விழுங்கிவிட்டது. 1998 டிசம்பரில் கொனாமி நிறுவனம் அதைக் கேம்பாய் கருவிக்குரிய விளையாட்டாக வெளியிட்டது. அதே நிறுவனத்தின் அச்சுச் சீட்டுகள் அதன் பின்னரே, 1999 பிப்ரவரியில், கடைக்கு வந்தன. சீட்டின் இடது கீழ் மூலையில் எட்டு இலக்க எண் ஒன்று இருக்கும். பிளேஸ்டேஷனில் வந்த ஒரு விளையாட்டில் அந்த எண்ணைப் பதிந்தால், கேட்கும் புள்ளிகளைக் கொடுத்து அதே சீட்டைத் திரையிலும் பெறலாம். நீலக்கண் வெள்ளை டிராகன் சீட்டின் எண் 89631139. அதன் விலை 9,99,999 புள்ளிகள். எளிதில் கிடைக்கக் கூடாது என்று விதித்தவர்கள் அதை உருவாக்கியவர்களே.

இந்தச் சேகரிப்புப் பழக்கம் ஜப்பானில் தொடங்கியதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள், பெட்டி நசுங்காமலிருக்க வைத்த அட்டையில் படம் அச்சிட்டன. வரிசையை நிறைவு செய்ய விரும்பியவர்கள் மேலும் மேலும் வாங்கினார்கள். இந்த உத்தியைத் தேயிலை வணிகமும் எடுத்துக்கொண்டது. 1954இல் பிரித்தானியாவின் புரூக் பாண்ட் நிறுவனம் தன் தேயிலைப் பொட்டலங்களில் படச் சீட்டுகளை வைத்தது. முதல் வரிசை பிரித்தானியப் பறவைகள். பிறகு காட்டுப்பூக்கள், விலங்குகள் என்று 1999 வரை அது தொடர்ந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சீட்டு மாற்றிக்கொண்டார்கள்; ஆல்பங்களில் ஒட்டினார்கள்.

அந்தப் பொட்டலங்களில் இலங்கைத் தேயிலையும் கலந்திருந்தது. ஹட்டன், நுவரெலியா மலைகளில் அந்தக் கொழுந்தைப் பறித்தவர்கள் நம்மவர்கள். அவர்களுடைய வாழ்க்கையையும் சீட்டுகளே ஆண்டன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அவற்றுள் பழையது துண்டு. ஊரில் கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறும். இன்ன தொகையைக் கட்டினால் இத்தனை ஆட்களை விடுவிப்பதாகத் துரை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். துண்டு கைமாறக் கைமாறக் கடன் பெருகியது. அந்தத் தமிழ்ச் சொல் ஆங்கில ஆவணங்களிலும் அப்படியே இடம்பெற்றது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

இரண்டாவது தகரச் சீட்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து புறப்பட்ட தொழிலாளிக்கு எண் பொறித்த தகர வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. அவர் எந்தத் தோட்டத்துக்கு உரியவர், வழிச்செலவை யார் கணக்கில் எழுதுவது என்பதை அந்த எண் சொல்லிவிடும். அதிகாரிகளுக்கு ஆளின் பெயர் தேவைப்படவில்லை, எண்ணே போதுமாயிருந்தது.

மூன்றாவது குடியுரிமைத் தாள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் தந்தையின் பிறப்பிடத்துக்கு ஆதாரம் கேட்டது. லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவர்களின் பிள்ளைகள் எந்தப் பதிவைக் காட்டுவார்கள்? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை அவர்களைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அவ்வளவு மக்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அண்ணன் மண்டபத்துக்கும் தம்பி ஹட்டனுக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன.

அதே ஆண்டுகளில் சீட்டுகள் பொட்டலங்களில் போய்க்கொண்டிருந்தன. 1973இல் பிரித்தானியத் தொலைக்காட்சி ஒன்று தேயிலையின் விலை என்ற பொருளில் இலங்கைத் தோட்டங்களைக் காட்டியபோதுதான், பொட்டலத்தைப் பிரித்தவர்கள் பலருக்குக் கொழுந்து பறித்தவரின் முகம் தெரிந்தது. 1974இல் மலையகம் பட்டினியையும் சாவுகளையும் கண்டது.

இவற்றையெல்லாம் விளையாட்டோடு சேர்த்துப் பேசலாமா என்று கேட்போர் இருப்பர். ஒப்பிட்டுச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமன்று. தாளுக்கு இயல்பில் மதிப்பில்லை. யாரோ விதி எழுதுகிறார்கள், எண் போடுகிறார்கள், தட்டுப்பாட்டை உண்டாக்குகிறார்கள். விளையாட்டில் அந்த விதிக்கு உடன்பட்டு நாம் உட்காருகிறோம், அலுத்தால் எழுந்துவிடலாம். துண்டுக்கும் தகரச் சீட்டுக்கும் உட்பட்டவர்களுக்கு எழுந்து போகும் உரிமை இல்லை.

தகஹாஷியின் கதையிலேயே இதற்கு ஓர் இடம் உண்டு. உலகில் நான்கே இருக்கும் டிராகன் சீட்டில் ஒன்று நாயகனின் தாத்தாவிடம் இருக்கிறது. நண்பர் கொடுத்தது என்பதால் எவ்வளவு பணம் தந்தாலும் விற்க மாட்டார். மற்ற மூன்றையும் வைத்திருக்கும் செல்வன் அதைக் கைப்பற்றிக் கிழித்துவிடுகிறான். தனக்கு எதிராக அது வந்துவிடக் கூடாது என்பதே அவன் கவலை. ஒருவருக்கு நினைவாக இருந்த தாள் மற்றவருக்கு அதிகாரமாகத் தெரிந்தது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கிற்று. 55 ஆண்டுகள் கடந்திருந்தன. புரூக் பாண்ட் பறவைச் சீட்டுகளுக்கு இன்று விலைப்பட்டியல் உண்டு, சேகரிப்போர் சங்கங்கள் உண்டு. நீலக்கண் டிராகனின் எண்ணை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள் உண்டு. பாட்டன் கழுத்தில் கிடந்த தகரத்தின் எண் எத்தனை வீடுகளில் தெரியும்?

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நுவரெலியாவிலோ நீலகிரியிலோ டொரன்டோவிலோ, உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய துண்டு, தகர வில்லை, தாயகம் திரும்பியோரின் குடும்ப அட்டை, குடியுரிமைச் சான்று எதுவும் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். படியெடுத்து, ஆளின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். அவற்றை ஒருமுறை பிள்ளைகளிடமும் காட்டுங்கள். சீட்டின் அருமை தெரிந்த பிள்ளைகள் அவர்கள். அதன் பொருளையும் விளங்கிக்கொள்வார்கள்.