இறப்புப் பதிவேட்டில் இல்லாத நோய்

எந்த நோய் நாட்டை எவ்வளவு வாட்டுகிறது என்று தெரிந்துகொள்ள அரசுகள் வெகுகாலம் சாவைத்தான் எண்ணிவந்தன. காலராவில் இத்தனை பேர், காசநோயில் இத்தனை பேர், பிரசவத்தில் இத்தனை பேர். மனச்சோர்வுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. ஒருவரை அது வருஷக்கணக்கில் பாயோடு கிடத்தினாலும், பதிவேட்டைப் பொறுத்தவரை அவர் உயிரோடு இருப்பவர், அவ்வளவுதான்.

1990களில் பிறந்த ஓர் அளவுகோல் இதை மாற்றியது. கிறிஸ்டோபர் மர்ரே, ஆலன் லோபஸ் என்ற இரு ஆய்வாளர்கள், அகால மரணம் பறித்த ஆண்டுகளோடு நோயில் முடங்கிக் கழிந்த ஆண்டுகளையும் சேர்த்துக் கூட்டினார்கள். 1993இல் உலக வங்கி அறிக்கை வழியாக அது வெளியுலகுக்கு வந்தது. ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எடை உண்டு: 0 என்றால் முழு நலம், 1 என்றால் மரணம். எடை போட உட்கார்ந்த மருத்துவ வல்லுநர்கள், மனச்சோர்வைப் பார்வையிழப்பும் இரு கால் செயலிழப்பும் இருந்த அதே வகுப்பில் வைத்தார்கள். 1996இல் முழுக் கணக்கு வந்தபோது, 1990ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமையில் மனச்சோர்வு 4ஆம் இடத்தில் நின்றது. அதற்கு முன்னால் இருந்தவை நிமோனியா போன்ற சுவாசத் தொற்று, வயிற்றுப்போக்கு, பிரசவகாலச் சிசுநோய்கள். குழந்தைகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற அந்த நோய்களுக்கு அடுத்தபடியாக இது!

எடை என்பது நடைமுறையில் என்ன? சைதாப்பேட்டை பஜார் ரோட்டில் காய்கறிக் கடை போட்டிருக்கும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்குள் கோயம்பேடு போய்ச் சரக்கு எடுத்தவர், இப்போது எழுந்திருக்கவே மனம் வராமல் கிடக்கிறார். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. கேட்டால் "ஒரே அசதியா இருக்கு" என்கிறார். பிற்கால ஆய்வுகள் நடுத்தர மனச்சோர்வுக்குக் கொடுத்த எடை 0.396. ஆறு மாதம் அவர் இப்படி இருந்தால், வாழ்விலிருந்து ஏறக்குறைய 72 நாள் போனதாகக் கணக்கு. ஏறிய வட்டிக்கடனும் போன வாடிக்கையும் இதில் வராது.

சென்னையில் இந்த நோயைப் பெரிய அளவில் எண்ணியவர்கள் சர்க்கரை நோய் ஆய்வாளர்கள். டாக்டர் வி. மோகனின் சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை, 2001இல் தொடங்கிய கணக்கெடுப்புக்காக அன்றைய மாநகராட்சியின் 155 வார்டுகளில் 46ஐத் தேர்ந்தெடுத்து வீடு வீடாகப் போனது. போன இடத்தில் மனநிலை பற்றிய 12 கேள்விகளையும் கேட்டார்கள். பதில் சொன்ன 25,455 பேரில் 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள்; ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், வசதியுள்ளவர்களைவிட ஏழைகளுக்கு அதிகம். 2009இல் இது வெளியானது. கேள்வித்தாள் வைத்துச் சலித்தெடுத்த எண்ணிக்கை இது. மருத்துவர் உட்கார்ந்து பேசி உறுதிசெய்தால் குறையும். பெங்களூரின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு கண்டவர்கள் 20 பேருக்கு ஒருவர்.

1990 முதல் 2017 வரையிலான இந்தியக் கணக்கும் பிறகு வந்தது. 2017இல் 4.57 கோடி பேருக்கு மனச்சோர்வு. தென்மாநிலங்களில், தமிழ்நாட்டிலும்தான், கூடுதல். மொத்த நோய்ச்சுமையில் மனநோய்களின் பங்கு 2.5 சதவீதத்திலிருந்து 4.7 ஆனது. நாடே திடீரென்று சோர்ந்துபோனது என்று இதைப் படிக்கக் கூடாது. சிசுமரணமும் தொற்றுநோயும் குறைந்ததால் மற்றவற்றின் பங்கு கூடித் தெரிகிறது. வயதானவர்கள் பெருகியதும் ஒரு காரணம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தற்கொலை இந்தக் கணக்கில் தனித் தலைப்பில் போகிறது. அதையும் சேர்த்தால் மனச்சோர்வின் சுமை இன்னும் ஏறும்.

என்னை உறுத்துவது வேறோர் எண். மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றது அதே நிம்ஹான்ஸ் ஆய்வு. குணப்படுத்தக்கூடிய நோய்க்கு இந்த நிலை. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க நம் வாசலுக்கே ஆள் வருகிறார்கள். அந்த 12 கேள்விகளையும் அவர்கள் கையோடு கொண்டுவரட்டும். தேவைப்படுகிறவருக்கு 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை எழுதிக்கொடுத்து, மாத்திரைக்கும் ஆலோசனைக்கும் எந்த அரசு மருத்துவமனைக்கு, எந்தக் கிழமை போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போகட்டும்.